வச்சிருக்கவா, எடுத்துரவா?

1

லீவு முடிந்து டிப்போவுக்குத் திரும்பியதும் என்னோடு பஸ் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "சவுத் ஐலண்ட் எப்படி இருந்தது? எது ரொம்பப் பிடித்தது?" நல்லா இருந்தது, எல்லாமே பிடித்தது என்று சொல்லிவிட்டு டீ எடுக்கப் போய்விட்டேன். உலகத்திலேயே அழகான நாடு என்று காலண்டரில் போட்டுக்கொள்ளும் ஊர் இது. அதன் முக்கியமான நகரங்கள் அத்தனையையும் ஒரே வாரத்தில் காரில் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். ஆக்லாந்து, வெலிங்டன், கிறைஸ்ட்சர்ச், டனீடின், குயின்ஸ்டவுன். எல்லா இடத்திலும் என் முகம் இருக்கிற போட்டோ இருக்கிறது. பார்த்தது எதுவும் மனசில் ஒட்டவில்லை.

நான் பரளச்சிக்காரன். அருப்புக்கோட்டையில் காலேஜ் படித்தேன், கணக்கு பாடம். இங்கே ஆக்லாந்தில் டவுன் பஸ் ஓட்டுகிறேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வெட்கப்பட்டதெல்லாம் வந்த புதிதில். என் அண்ணன்தான் ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தான். "எந்தம்பி ஓட்டுற பஸ்ஸுல கண்டக்டரே கெடையாது. எறங்குறவன் பூரா டிரைவருக்கு தேங்ஸு சொல்லிட்டுத்தான் எறங்குவான். நம்ம திருச்சுழி பஸ்ஸுல என்னைக்காச்சும் சொல்லிருக்கமா?"

பயணம் உல்லாசத்துக்காக ஏற்பட்டதில்லை. என் மகள் தேன்மொழிக்கு டனீடினில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது. கிட்டத்தட்ட இந்த நாட்டின் தென்கோடி அது. விமானத்தில் அனுப்பினால் ரெண்டு மணி நேரத்தில் போய்விடுவாள். என் மனைவி சுமதிதான் காரிலேயே கொண்டுபோய் விடலாம் என்றாள். "வந்து இத்தனை வருஷமாச்சு, நீங்க ஓட்டுற ரூட்டைத் தவிர நாம என்னத்தப் பாத்தோம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். மகளை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் குயின்ஸ்டவுன் வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு.

2

கிளம்பிய நாளிலிருந்து சாயங்காலம் ஆனால் அண்ணன் வீடியோவில் வந்துவிடுவான். எங்களுக்குச் சாயங்காலம் என்றால் பரளச்சியில் உச்சிப்பொழுது. கொத்தமல்லி அறுப்பு நேரம். களத்து வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் சோறும் ஒரு கையில் போனுமாக உட்கார்ந்திருப்பான்.

"ஏலே பாலு, அந்தப் பக்கம் திருப்பு. தண்ணியக் காட்டு."

டவுப்போ ஏரியைக் காட்டினேன். அக்கரை தெரியாத ஏரி.

"எத்தன மடைலே இதுக்கு?"

"மடையெல்லாம் இல்லண்ணே. சும்மா கெடக்கு."

"சும்மா கெடக்கா! இம்புட்டுத் தண்ணியும் சும்மாவா கெடக்கு? ஏத்தா தேனு, உங்கப்பன் பொய் சொல்றானா?"

தேனு சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "இல்ல பெரியப்பா, ட்ரூ, ட்ரூ" என்றாள். அவளுக்குத் தமிழ் புரியும். பேசச் சொன்னால் நாலு வார்த்தையில் நாக்கு ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். அண்ணனுக்கு ஆங்கிலம் வராது. ஆனாலும் ரெண்டு பேரும் எங்களைவிட அதிகமாகப் பேசிக்கொள்வார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் ரெண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது.

மேய்ச்சல் மலைகளைப் பார்த்து அவனுக்கு வயிறு எரிந்தது. "ஊரு பூரா பச்சையா இருக்கு, ஒரு குறுக்கம் உழுதுருக்கானா பாரு. அம்புட்டையும் ஆட்டுக்கு விட்டுட்டு வேடிக்க பாக்குறாய்ங்க." வெலிங்டன் வந்து சேர்ந்த சாயங்காலம் பாராளுமன்றக் கட்டடத்தைக் காட்டினேன். அது வட்ட வட்டமாக அடுக்கி வைத்த கட்டடம். இங்கேயே அதைத் தேன்கூடு என்றுதான் சொல்கிறார்கள். "கும்பம் வைக்க மறந்துட்டாய்ங்கலே" என்றான். வெலிங்டனில் காற்று எப்போதும் ஆளைத் தள்ளும். காற்றுச் சத்தத்தில் அவன் கடைசியாகச் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. நாளைக்குப் பேசலாம் என்று வைத்துவிட்டேன்.

3

மறுநாள் விடியும்போது போன் அடித்தது. சங்கரபாண்டி அண்ணன். எங்கள் பெரியப்பா மகன், பங்காளிகளில் மூத்தவர். அவர் போனில் பேசுகிற ஆளே இல்லை. பெயரைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. யார் என்பதுதான் தெரியவில்லை.

"பாலு, மனசத் தேத்திக்க. உங்கண்ணன் போயிட்டான்யா."

களத்திலிருந்து வந்து படுத்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறான். அருப்புக்கோட்டையில் பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். "பாளையம்பட்டி தாண்டல" என்றார் சங்கரபாண்டி அண்ணன். அவருக்குக் குரல் உடைந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் ஜன்னல் வழியாகத் துறைமுகத்தில் நின்ற கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் அடுத்த நாள் ஏற வேண்டிய கப்பல் அதுதானா என்று யோசித்தேன். நிஜமாகவே அதைத்தான் யோசித்தேன்.

"பாலு, கேக்குதா? பெட்டிக்குச் சொல்லிருக்கு, வந்துரும். சொல்லு. வச்சிருக்கவா, எடுத்துரவா?"

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி தெரியும். என்றைக்காவது ஒருநாள் வரும் என்று தெரியும். பிணத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்கட்டுமா, இல்லை உன்னை எதிர்பார்க்காமல் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று அர்த்தம். மற்றவர்கள் வீட்டில் இது வெறும் முகம் பார்க்கிற விஷயம். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. அண்ணனுக்கு ஒரே பிள்ளை, பாண்டிச்செல்வி. ஆண் பிள்ளை கிடையாது. அண்ணனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் நான்.

"வச்சிருங்கண்ணே. வாரேன்" என்றேன்.

4

வருகிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, எதை வைத்துக்கொண்டு போவது? அய்யா, எங்கள் அப்பா, இறந்தபோது என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. கையில் கிடைத்த பையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினேன். அதற்குப் பிறகுதான் இந்த நாட்டுக் குடிமகன் ஆனேன். ஒரு மண்டபத்தில் கூப்பிட்டு, கைகுலுக்கி, ஒரு மரக்கன்று கொடுத்தார்கள். பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தேன். வெளிநாட்டு இந்தியர் அட்டை ஒன்று உண்டு. அது இருந்தால் நினைத்தபோது ஊருக்குப் போகலாம். அதற்கு எழுதிப் போட வேண்டும் என்று சுமதி ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வாள். அடுத்த வருஷம் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வேன். வீட்டில் மூன்று பேருக்கும் அட்டை இல்லை.

ஆகவே, பரளச்சியில் பிறந்து, பரளச்சிக் கண்மாயில் நீச்சல் பழகிய நான், பரளச்சிக்குப் போக அனுமதி கேட்டு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து போனில் விண்ணப்பம் நிரப்பினேன். வெள்ளைப் பின்னணியில் போட்டோ வேண்டும் என்றது. குளியலறைச் சுவரில் என்னை நிறுத்தி சுமதி எடுத்தாள். அளவு சரியில்லை என்றது. தேனு அதைச் சுருக்கிக் கொடுத்தாள். நிழல் விழுகிறது என்றது. மறுபடி நின்றேன். அப்பா பெயர், அவர் பிறந்த ஊர், முன்பு எந்த நாட்டுக் குடிமகன், எதற்காகப் போகிறாய். எதற்காகப் போகிறாய் என்பதற்குக் கொடுத்திருந்த பட்டியலில் கொள்ளி வைக்க என்று எதுவும் இல்லை. உறவினரைப் பார்க்க என்று ஒன்று இருந்தது. அதைத் தொட்டேன்.

பிறகு, இந்தியாவில் உங்களை அறிந்தவர் ஒருவரின் பெயரும் முகவரியும் கொடு என்றது. நான் யோசிக்கவே இல்லை. விரல் தானாக அண்ணன் பெயரை அடித்தது. பெயர், கதவு இலக்கம், பரளச்சி, அருப்புக்கோட்டை வழி, போன் நம்பர், எல்லாம் அடித்து அடுத்த பக்கம் போன பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய் மாற்றவில்லை. வேறு யார் பெயரைப் போடுவது?

முடிவு வர சில நாட்கள் ஆகலாம், அதுவரை டிக்கெட் வாங்க வேண்டாம் என்று கடைசிப் பக்கத்தில் பச்சை எழுத்தில் போட்டிருந்தது. தூதரக அலுவலகம் இந்த ஊரில்தான் இருக்கிறது என்று தேனு கண்டுபிடித்துச் சொன்னாள். எதையும் யோசிக்காமல் ஓடினோம். சனிக்கிழமை. கதவு பூட்டியிருந்தது. அவசர நம்பர் என்று எழுதியிருந்ததைக் கூப்பிட்டால், மரியாதையான ஒரு குரல், அவசரத்துக்கும் விண்ணப்பம் வழியாகத்தான் வர வேண்டும் என்றது. அவரைத் திட்டவும் தோன்றவில்லை. தேங்ஸ் என்று சொல்லி வைத்தேன். இந்த நாட்டுப் பழக்கம்.

மதியம் மதினி, அண்ணன் மனைவி, கூப்பிட்டார்கள். பரளச்சியில் அப்போதுதான் விடிந்திருக்கும். பின்னால் ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

"தம்பி, எங்க வாரீக? பிளேன் ஏறிட்டீகளா?"

"இல்ல மதினி. விசா வல்ல. எப்ப வரும்னு தெரியல. நாளைக்கா, நாளான்னைக்கா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்காங்க."

நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்கள். எதுவரை வைத்திருப்பது? வெறும் ஐஸ் பெட்டி. தவிர, பரளச்சியில் கரண்டு எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

"எடுத்துருங்க மதினி. எனக்காக வச்சிருக்காதீங்க."

"அப்படியா சொல்றீக?"

"எடுத்துருங்க."

போன் கைமாறி சங்கரபாண்டி அண்ணன் வந்தார். சரி, பன்னிரண்டு மணிக்குள் எடுத்துவிடுகிறோம் என்றார். கொள்ளி யார் வைப்பது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சுமதி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பசித்தது. அதுதான் அசிங்கமாக இருந்தது. ரொட்டி வாங்கித் தின்றேன்.

5

வர முடியாத தூரத்தில் இருக்கிற பங்காளிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு கடமை உண்டு. பிணத்தை எடுக்கிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு, எடுத்த பிறகு, கட்டிய துணியோடு ஆற்றிலோ கண்மாயிலோ இறங்கி மூன்று தரம் முங்கி எழ வேண்டும். எடுப்பதற்கு முன்னால் முங்கக் கூடாது. ஆள் இன்னும் வாசலில் கிடக்கும்போது இவன் முங்கி எழுந்தால், கிடக்கிறவனைப் பார்த்து நீ போ என்று சொன்ன மாதிரி.

ஊரில் பன்னிரண்டு என்றால் இங்கே சாயங்காலம் ஏழரை. பிப்ரவரியில் அப்போதும் நல்ல வெயில் இருக்கும்.

"பாத்ரூம்லயே ஊத்திக்கங்களேன், யாரு கேக்கப் போறா?" என்றாள் சுமதி.

"ஷவர்ல நின்னா அதுக்குப் பேரு குளிக்கிறது" என்றேன். கோபமாகச் சொன்னேன். அன்று முழுக்க எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அந்தக் கோபம்தான்.

ஓரியண்டல் பே என்று நகரத்துக்குள்ளேயே ஒரு மணல் கரை இருக்கிறது. ஐஸ்கிரீம் தின்றுகொண்டு ஜனம் உட்கார்ந்திருந்தது. போனையும் செருப்பையும் தேனுவிடம் கொடுத்துவிட்டு, முழுக்கைச் சட்டையும் பேண்ட்டுமாகத் தண்ணீரில் இறங்கினேன். சுமதி கரையில் நின்றாள். கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டோம். நேரம் ஆகட்டும் என்று இடுப்பளவு தண்ணீரில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடல் பனிக்கட்டிக் குளிர்ச்சி. பல் அடித்தது. நான் அசையவில்லை. நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருப்பார்கள், குளிப்பாட்டியிருப்பார்கள், கோடித்துணி போட்டிருப்பார்கள் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டேன். நினைத்தேனே தவிர, எதுவும் கண் முன்னால் வரவில்லை. மனசில் வெறும் கடிகாரம் மட்டும் ஓடியது.

நாயோடு நடந்துபோன ஒரு பெண்மணி கரையிலிருந்து, நன்றாக இருக்கிறாயா என்று கேட்டார். இங்கே எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கேட்பார்கள். "என் அண்ணன் போகிறான், நானும் முடிக்க வேண்டும்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சடங்கை முடிக்க வேண்டும் என்று சொன்னதாகத்தான் நான் நினைத்தேன். அவர் நாயை இழுத்துக்கொண்டு வேகமாகப் போனார். போய் போலீஸைக் கூப்பிட்டிருக்கிறார்.

ஏழரை ஆனது. கிழக்கே திரும்பி ஒரு தரம் முங்கினேன். இரண்டாவது தரம் முங்கி எழும்போது கரையில் விளக்கு சுற்றியது. போலீஸ் பெண் ஒருத்தி பூட்ஸோடு தண்ணீருக்குள் வந்துகொண்டிருந்தாள். தேனு வயசுதான் இருக்கும், கொஞ்சம் கூட. என்னைப் பார்த்துக் கையை நீட்டி, வா, பேசலாம் என்றாள்.

"இன்னும் ஒன்றே ஒன்று. அதோடு முடிந்துவிடும்" என்றேன்.

அவள் பாய்ந்து என் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பாவம், நனைந்துபோனாள். நான் அவள் பிடியோடேயே உட்கார்ந்து மூன்றாவது தரமும் முங்கிவிட்டேன். என்னைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். அலுமினியத் தாள் போர்வை ஒன்றைப் போர்த்தினார்கள். கரையில் இருந்த ஜனம் ஐஸ்கிரீமை மறந்து பார்த்தது.

உன்னை நீயே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று அந்தப் பெண் தன்மையாகக் கேட்டாள். இல்லை என்றேன். இப்போது என்ன உணர்கிறாய் என்றாள். ஒன்றும் உணரவில்லை என்றேன். உண்மையைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. தன் கூட வந்தவரைப் பார்த்தாள். அவர் ரேடியோவில் எதையோ சொன்னார். சுமதி பதறி, தமிழும் ஆங்கிலமுமாக ஏதோ சொல்ல, அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்போது தேனு என் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தாள். "அப்பா, இது என்னது? எனக்குச் சொல்லு. கரெக்டா சொல்லு" என்றாள். நான் சொன்னேன். பங்காளி என்றால் யார், எடுப்பது என்றால் என்ன, ஏன் மூன்று தரம், ஏன் துணியோடு. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு இதையெல்லாம் சொல்கிறேன், ரெண்டு போலீஸ்காரர்களை வைத்துக்கொண்டு. அவள் எழுந்து அந்தப் பெண்ணிடம் நிதானமாக எடுத்துச் சொன்னாள். என் பெரியப்பா இறந்துவிட்டார், இந்த நேரத்தில் அவரை எடுக்கிறார்கள், தூரத்தில் இருந்தால் நாங்கள் இப்படித்தான் செய்வோம் என்றாள். நாங்கள் என்றுதான் சொன்னாள். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் அந்த வார்த்தைக்கு நான் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

போலீஸ் பெண் மன்னிப்புக் கேட்டாள். இருந்தாலும் ஒரு நம்பர் எழுதிக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு என்றாள். அவர்கள் போன பிறகு தேனு ஷூவைக் கழற்றி வைத்தாள்.

"பெரியப்பான்னா எனக்கும் உண்டா?"

கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு உண்டுதான். உண்டு என்றேன். ஜீன்ஸோடு இறங்கிப் போய் மூன்று தரம் முங்கி, குளிரில் ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். ஹோட்டலுக்கு நடக்கும்போது பரளச்சிக்குக் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. சாவு வீட்டில் யார் போனை எடுப்பார்கள்? காலையில் பார்த்தால் பாண்டிச்செல்வி ஒரு வரி அனுப்பியிருந்தாள். எல்லாம் முடிஞ்சது சித்தப்பா.

6

கப்பல் ஏறினோம். ஏன் ஏறினோம் என்று கேட்டால், ஏறாமல் என்ன செய்வது என்றுதான் சொல்வேன். கருமாதிக்குப் போய்க்கொள்ளலாம், அதற்குள் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டாக வேண்டும், வகுப்பு ஆரம்பிக்கிறது. கப்பல் மலைகளுக்கு நடுவில் புகுந்து போனபோது ஜனமெல்லாம் மேல்தளத்தில் நின்று படம் எடுத்தது. நான் கீழே காரும் லாரியும் நிறுத்துகிற இடத்துக்குப் போகும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் விழுந்து எழுந்த ஊர். நடு டவுனில் இன்னும் காலி மனைகள் கிடக்கின்றன. உடைந்த மாதாகோயிலைச் சுற்றி வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வேலி ஓரமாக நிற்கும்போது போனில் மெயில் வந்தது. உங்கள் விசா அனுமதிக்கப்பட்டது, இனிய பயணம். சுமதியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள். கருமாதிக்கு ரெண்டு நாள் முன்னால் போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் போட்டேன்.

டனீடினில் தெருவெல்லாம் ஏணி. எங்கள் வறண்ட காட்டில் மேடு என்றால் கண்மாய்க் கரைதான். டனீடினில் மூச்சு வாங்க வாங்க தேனுவின் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு விடுதிக்கு ஏறினோம். அவள் அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். சுமதி பருப்புப்பொடி, இட்லிப்பொடி எல்லாம் அடுக்கினாள். தேனு அதையெல்லாம் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, வராந்தாவில் போகிற பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது என்னைக் கட்டிக்கொண்டு, "பெரியம்மாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு" என்றாள். சரி என்றேன். மகளைக் கண் காணாத ஊரில் விட்டுவிட்டுப் போகிற தகப்பனுக்கு நெஞ்சு அடைக்கும் என்பார்கள். எனக்கு ஒன்றும் அடைக்கவில்லை. பெட்ரோல் போட வேண்டும் என்று நினைத்தேன்.

7

குயின்ஸ்டவுன் போக வேண்டாம் என்று ஹோட்டலுக்குக் கூப்பிட்டுச் சொன்னால், ரத்து செய்கிற நாள் தாண்டிவிட்டது, பணம் திரும்ப வராது என்றார்கள். போனோம். ஏரி, அதைச் சுற்றி மலை, மலை உச்சிக்குக் கம்பியில் போகிற கூண்டு. காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாலத்திலிருந்து தலைகீழாகக் குதிப்பதற்கு வரிசையில் நின்றார்கள். சுமதி ஏரிக்கரை பெஞ்சில் என்னை உட்கார வைத்துவிட்டுக் காப்பி வாங்கப் போனாள்.

போன் அடித்தது. மதினி. வெலிங்டனில் பேசியதற்குப் பிறகு அவர்களாகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"தம்பி, சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன் மதினி. நீங்க?"

"என்னத்த. புள்ளய விட்டாச்சா? அழுதாளா?"

"இல்ல. உங்களக் கேட்டதாச் சொன்னா."

பிறகு, "ஒண்ணு சொல்லணும், வருத்தப்படாதீக" என்றார்கள். "அன்னைக்கு உங்க பேச்சக் கேட்டு நாங்க எடுக்கல. வச்சிருந்தோம்."

"எதுவரைக்கும்?"

"பொழுது சாயிறவரைக்கும். பெருசுகளெல்லாம் சத்தம் போட்டாக, அந்தத் தம்பிதான் எடுக்கச் சொல்லிருச்சே, இன்னும் எதுக்கு வச்சிருக்கீகன்னு. நாந்தான் விடல. உங்கய்யா செத்தப்பவும் நீங்க எடுத்துருங்கன்னுதான சொன்னீக? மறுநாளு மத்தியானம் கார்ல வந்து எறங்கலையா? அதுல இருந்து அவுக சொல்லிக்கிட்டே இருப்பாக. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பாலு எடுத்துருங்கன்னுதான் சொல்லுவான், கேக்காத, அவன் வந்துருவான், அதுவரைக்கும் என்னைய வச்சிருன்னு. அவுக சொன்னத நான் எப்படி மீற? ரோட்டுல கார் சத்தம் கேக்கும்போதெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் போய்ப் பாத்தோம் தம்பி."

அய்யா இறந்த சேதி வந்த பதற்றத்தில் எடுத்துருங்க என்று சொன்னேனா? சொல்லித்தான் இருப்பேன். வர முடியும் என்று எனக்கே தெரியாதபோது சொன்னது. அதை அண்ணன் இத்தனை வருஷம் பிடித்து வைத்திருந்தான். என் வார்த்தையை நம்பாதே, ஆளை நம்பு என்று பெண்டாட்டியிடம் சொல்லி வைத்திருந்தான்.

அப்படியென்றால் ஏழரைக்கு நான் முங்கி எழுந்தபோது அவன் இன்னும் வாசலில்தான் கிடந்திருக்கிறான். பெட்டிக்குள், பந்தலுக்கு அடியில், எனக்காக. நான் மூன்று தரம் முங்கி, துவட்டி, ஹோட்டலுக்குப் போய்ப் படுத்தபோதும் அங்கேதான் கிடந்திருக்கிறான். என் பிள்ளையையும் இறக்கி முங்க வைத்தேனே. பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, என் சத்தம்தான். அத்தனை நாள் வராத அழுகை அந்த ஏரிக்கரையில், அந்த வெயிலில், வெள்ளைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கப் பார்க்க வந்தது. அண்ணே, அண்ணே என்று கத்தினேன். மதினி போனை வைக்கவில்லை. நான் அழுது முடிக்கிறவரைக்கும் அந்தப் பக்கம் அவர்கள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"யாரு மதினி கொள்ளி வச்சா?"

"செல்விதான். பொம்பளப்புள்ள சுடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னாக. அப்ப சித்தப்பா வாரவரைக்கும் எங்கப்பன் இங்கனயே கெடக்கட்டும்னு சொல்லிட்டா. பெறகு பெருசுக ஒண்ணும் சொல்லல."

"மதினி, விசா வந்துருச்சு. டிக்கெட்ட மாத்திட்டு நாளைக்கே கெளம்பி வாரேன். நாளான்னைக்கு அங்க இருப்பேன்."

"வாங்க" என்றார்கள். பிறகு, யாரையோ தூங்க வைக்கிற மாதிரி மெல்லச் சொன்னார்கள்.

"ஆனா இனி என்ன தம்பி அவசரம்? பைய வாங்க."